முதல் சிரிப்பு அடங்கற வரைக்கும்

அன்புள்ள மவள் இளமதிக்கு, உன் அய்யன் காத்தான் சொல்லச் சொல்லப் பக்கத்து ஊட்டுக் கலைச்செல்வி எழுதறது. இங்க நானும் உங்கம்மாளும், கறவை மாடும் அதோட கன்னும், மாசிப் பனிக்குக் கொஞ்சம் தும்மிக்கிட்டு மத்தபடி சுகமா இருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளை ஜீவாவும், உன் வயித்துல இருக்கற எங்க பேரப்புள்ளையும் அந்த ஊரு குளிருக்குத் தப்பி நல்லா இருக்கணும்னு எட்டுக்கை அம்மன் காதுல தினம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போன்லயே பேசலாம். ஆனா கண்ணு, என் குரலைக் கேட்டதும் நீ அழுவுற, நீ அழுவறதைக் கேட்டா எனக்கு வந்த பேச்சும் மறந்து போயி, சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு வச்சிடறேன். அதனாலதான் கலைச்செல்வியைக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன். எழுதி முடிச்சதும் போட்டோ பிடிச்சு உன் போனுக்கு அனுப்பறாளாம். இருந்தாலும் தாளையும் தபால்ல போடச் சொல்லியிருக்கேன், கையில பிடிச்சுப் படிக்கறது வேற. மிளகு பறிப்பு பாதி முடிஞ்சுது. போன வாரம் ஏணி சறுக்கி மரத்துல இருந்து விழுந்தேன், பயந்துக்காத, விழ வேண்டிய மாதிரிதான் விழுந்தேன், ஒரு கீறல் இல்லை. எந்திரிச்ச வேகத்துல பழைய சர்க்கஸ் பழக்கதோசத்துல ரெண்டு கையையும் விரிச்சுக் கும்பிடு போட்டுட்டேன் போல, கூடப் பறிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க ஓடி வந்தவங்க அப்படியே நின்னு, ஏனுங்க மாமா, டிக்கெட் எடுக்காம பாத்துட்டமுங்களேன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

நீ கேட்டதுக்கு வாரேன். ஸ்கேன்ல புள்ளையோட கையெலும்பும் காலெலும்பும் குட்டையாத் தெரியுது, உசுருக்கு ஒண்ணும் பயமில்லை, ஆனா வளத்தி இருக்காது, குள்ளமாத்தான் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொன்ன. சொல்லிட்டு நீ ஒண்ணு கேட்ட. சர்க்கஸ்ல இருந்தவரு நீங்கதானே அய்யா, நீங்களே சொல்லுங்க, பாக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்களே, ஆயுசு பூரா சிரிப்பாங்களே, அதை என் புள்ளை எப்படித் தாங்கும்னு கேட்ட. நான் அதுக்குத்தான் சாப்பிட்டியான்னு கேட்டேன். இப்ப யோசிச்சு வச்சிருக்கேன். பொய் ஒண்ணும் கலக்காம எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், நீ நர்ஸு வேலை பாக்கறவ, மருந்தைத் தேன்ல குழைச்சுக் கொடுத்தாலும் கண்டுபிடிச்சிடுவ.

பட்டப்பகல்ல சூரிய கிரகணம் பிடிச்ச வருசம் அது. வெளிய வந்தா கண்ணு போயிரும்னு சொல்லி ஊரு உலகமே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிடந்துச்சு. அதே வருசம்தான் நம்ம சாமைக் காட்டுல பன்னி புகுந்து ஒரு கதிரு மிச்சமில்லாமப் போச்சு, உன் பெரியப்பன் குழந்தைசாமிக்குக் கல்யாணமும் ஆச்சு. நான் வாழைத்தார் லோடு கூட சேலத்துக்குப் போயிருந்தேன். மார்க்கெட் அடைச்சுக் கிடந்துச்சு, லாரிக்காரன் கிரகணம் விட்டாத்தான் வண்டியைத் தொடுவேன்னு சீட்டுக்கடியில படுத்துட்டான். ஒதுங்க எடம் தேடிப் போனவன் கண்ணுல சர்க்கஸ் கூடாரம் பட்டுச்சு. அன்னிக்கி ஆட்டம் கிடையாது. துணிக்குக் கீழ தலையை நுழைச்சுப் பாத்தா, உள்ள ஒரே ஒரு பல்பு எரியுது, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஆளு நாற்காலி மேல ஏறறான், விழறான், மறுபடி ஏறறான், விழறான். பாக்கறதுக்கு ஒருத்தர் இல்லை, மூஞ்சியில சாயமும் இல்லை. விழுந்து எந்திரிச்சதும் நாற்காலிக் காலைத் தடவித் தடவிப் பாத்து, என்னமோ தனக்குள்ளயே கணக்குப் போட்டுக்கிட்டு மறுபடி ஏறறான். எனக்குச் சிரிப்பு வரலை கண்ணு, மரம் ஏறிப் பொழைக்கறவனுக்கு அது வேலைன்னு பாத்ததும் தெரியாதா. துணிக்கடியில என் தலையைப் பாத்துட்டு, தலை மட்டும்தான் வந்திருக்குதா, உடம்பு பின்னாடி பஸ்ஸுல வருதான்னு கேட்டான். எந்த ஊருன்னான். கொல்லிமலைன்னேன். அப்படியா, நான் முள்ளுக்குறிச்சி, உங்க மலை வெயிலை மறைச்சுக்கிட்டு நின்னதாலதான் நான் வளராமப் போயிட்டேன்னு சொன்னான். அவன்தான் ராசப்பன். என்னைவிட ஒரு வயசு சின்னவன்.

கூடாரத்துக்கு முளையடிக்க ஆள் வேணும்னு என்னைச் சேத்துக்கிட்டாங்க. காலு நீளமா இருந்ததால ராசப்பன் என்னைத் தனக்கு ஜோடியாக் கேட்டு வாங்கினான். நெட்டையும் குட்டையும் சேந்து நின்னாலே பாதி வேலை முடிஞ்சுதுன்னு மத்தவங்க நினைச்சாங்க, அவன் அப்படி நினைக்கலை. விழக் கத்துக்கறதுக்கே எனக்கு ஒரு மழைக்காலம் போச்சு. ரிங்குல மரத்தூளைப் பரப்பிப் போட்டு, தாடையை நெஞ்சோட ஒட்டிக்க, மூச்சை அடக்காத, ஊதிக்கிட்டே விழு, எலும்பு மேல விழாத சதை மேல விழுன்னு விரட்டுவான். நான் வலிக்குதுன்னா, வலிக்கற மாதிரி விழுந்தா எவன் சிரிப்பான், பாவம்னு எந்திரிச்சுப் போயிருவாங்கம்பான். அப்புறம் அடி. பபூன் பபூனை அறையறது பாத்திருப்ப, அறையறவன் கை காத்துல போகுமே தவிர கன்னத்தைத் தொடாது. அப்ப அந்தப் படார்ங்கற சத்தம் யாரு கொடுக்கறதுன்னா, அடி வாங்கறவன்தான். இடுப்புக்குக் கீழ யாரும் பாக்காம ரெண்டு கையையும் சேத்து ஒரு தட்டு. அதனால எப்ப அடி விழுது, எவ்வளவு பலமா விழுதுங்கறதெல்லாம் வாங்கறவன் கையிலதான் இருக்கு. நான் அவசரப்பட்டு முன்னாடியே கையை வீசிட்டா ராசப்பன் சத்தம் கொடுக்கவே மாட்டான். வீசின கையோட நான் திருதிருன்னு நிப்பேன், சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும். அது நல்லா அடங்கினதுக்கப்புறம், ஏதோ ஞாபகம் வந்தவனாட்டம் மெதுவாக் கையைத் தட்டிட்டுக் கீழ விழுவான். இதை எழுதும்போது கலைச்செல்வி பேனாவை வச்சிட்டுக் கையைத் தட்டிப் பாக்கறா, அவ ஊட்டுக்காரன் மேல பழகிக்கப் போறாளாம்.

இப்பச் சொல்லப் போறதுதான் உனக்கு வேண்டியது. ராசப்பன் திரையை விலக்கிக்கிட்டு உள்ள வந்ததும் கூட்டம் சிரிக்கும். அவன் இன்னும் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டான், அந்த உருவத்தைப் பாத்த சிரிப்பு அது. அவன் நேரா ரிங்கு நடுவுல வந்து நின்னு, சட்டைப் பையில இருந்து ஒரு பெரிய கடிகாரத்தை எடுத்துப் பாத்துக்கிட்டு அப்படியே நிப்பான். கோவமும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது, பஸ்ஸுக்கு நிக்கறவன் மூஞ்சிதான். சிரிப்பு தானா ஓஞ்சு, அங்கொண்ணு இங்கொண்ணு இருமல் கேட்டு, இவன் ஏன் சும்மா நிக்கறான்னு சனம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கற நேரத்துல, கடிகாரத்தைப் பையில போட்டுட்டு முதல் அடி எடுத்து வைப்பான். பேண்டுக்காரங்களும் அதுக்காகக் காத்திருப்பாங்க. ஏண்டா இப்படின்னு நான் ஒரு தடவை கேட்டேன். அந்த முதல் சிரிப்பு எனக்கு ரோட்டுலயே ஓசியில கிடைக்குது காத்தா, அதுக்கு நான் சாயம் பூசிக்கிட்டு இவ்வளவு தூரம் வரணுமா, அது அவங்க சொத்து, சிரிச்சுத் தீத்துக்கட்டும், அதுக்கப்புறம் வர்றதுதான் நான் சம்பாதிச்சதுன்னான்.

ஈரோட்டுல இருந்தப்ப புதுசா ஒரு மேனேஜர் வந்தாரு. இந்த ஆளு நின்னுக்கிட்டு நேரத்தைத் திங்கறான்னு அவருக்கு எரிச்சல். ராசப்பனுக்குக் கைக்குழந்தைச் சட்டை போட்டு, வாயில பால்பாட்டில் வச்சு, தொட்டில்ல படுக்கப் போட்டு நான் ஆட்டணும்னு புது ஆட்டம் ஒண்ணு சொன்னாரு. எனக்கு மீசை இருக்குதுங்க, பாட்டில் குத்துமுங்கன்னு ராசப்பன் மறுத்துட்டான். அப்படின்னா இந்தச் சும்மா நிக்கறதாவது ஒழியட்டும்னு அவரு பேண்டுக்காரங்களைக் கூப்பிட்டு, ஆளு உள்ள வந்த உடனே வாசின்னாரு, என்கிட்ட, வந்த உடனே அடின்னாரு. சாயங்கால ஆட்டம். ராசப்பன் வந்தான், சிரிப்பு எழுந்துச்சு, பேண்டு அடிக்குது, அவன் கடிகாரத்தை எடுத்துட்டு நிக்கறான். நான் கை ஓங்கினேன். அவன் சத்தம் கொடுக்கலை, என் பக்கம் திரும்பவும் இல்லை. மேனேஜர் திரைக்குப் பின்னாடி இருந்து அடி அடின்னு பல்லைக் கடிக்கறாரு. நான் கையை இறக்கிப் பின்னாடி கட்டிக்கிட்டு அவன் பக்கத்துல நின்னேன். எங்களுக்கெல்லாம் தலைப் பபூன் குப்புசாமி அண்ணன் உள்ள வந்தாரு, எங்களை ஒரு பார்வை பாத்தாரு, அவரும் வரிசையில நின்னுட்டாரு. அந்தரத்துல தொங்கி டவுசர் நழுவ விழற அண்ணாமலை வந்தான், தண்ணிவாளி முருகானந்தம் வந்தான், எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறோம். முதல்ல டிரம்மு நின்னுச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா ஊதறது நின்னுச்சு. கூடாரமே கம்முன்னு ஆயிருச்சு. மேல கேலரியில இருந்து ஒரு பொம்பளை, ஏனுங்க தம்பி, அந்தக் கடிகாரம் ஓடுதுங்களான்னு கேட்டாங்க. ராசப்பன் அண்ணாந்து பாத்து, ஓடுதுங்கம்மா, நீங்க சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா நான் ஆரம்பிச்சுக்கறேனுங்கன்னான். அதுக்கு வந்தது பாரு ஒரு சிரிப்பு, அந்த மாதிரி நான் முன்னயும் கேக்கலை, பின்னயும் கேக்கலை. வாய்விட்டுச் சிரிச்ச சனம் அப்புறம் அவன் சுண்டுவிரலை அசைச்சாக்கூடப் பாத்துக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் காலையில அவனைப் பெட்டியோட வெளிய அனுப்பிட்டாங்க. அதையும் நீ தெரிஞ்சுக்கணும். நானும் பெட்டியை எடுத்துக்கிட்டேன். ஒட்டுப்போட்ட கூடாரமும் நொண்டிக்குதிரையும் வச்சிருந்த ஒரு சின்ன சர்க்கஸ்ல சேந்து, அது ஊரு ஊராத் தேஞ்சு துறையூர் வந்தப்பத்தான், புளியஞ்சோலையில இருந்து அக்கா தங்கச்சிங்களோட ஆட்டம் பாக்க வந்த உங்கம்மாளைப் பாத்தேன். இங்கதான் ஒரு சங்கதி சொல்லணும். நீ ஸ்கேன் விசயம் சொன்ன நாள்ல இருந்து உங்கம்மா சரியாச் சோறு திங்கறதில்லை. கேட்டா மாடு பால் வத்திப்போச்சுன்னு கண்ணைத் துடைக்கறா. கடைசியில உடைச்சுச் சொன்னா. அன்னிக்கி ராசப்பனைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாளாம், அந்தப் பாவம்தான் மக வயித்துல வந்து நிக்குதாம். ஊருக்குள்ளயும் ஒண்ணு ரெண்டு பேரு, குள்ளனை வச்சுப் பொழைச்ச காசுன்னு வாய் வச்சிருக்காங்க, அது இவ காதுல விழுந்திருக்கு. நான் கேட்டேன், பொன்னம்மா, எந்தச் சிரிப்பு சிரிச்ச, அவன் வந்த உடனேயா, கடிகாரத்தைப் பையில போட்டதுக்கப்புறமான்னு. யோசிச்சுப் பாத்துட்டு, அவன் உங்க தோளு மேல ஏறித் தொப்பியைத் தேடினான் பாருங்க, தலையில இருக்கற தொப்பியை, அப்பன்னு சொன்னா. அதுக்கு அவன் உழைச்சிருக்கான், நீ கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்க, இதுல பாவம் எங்க இருக்குன்னேன். பாதி சமாதானம் ஆயிருக்கா. இது யாரு தப்புனாலயும் வரலைன்னு உன் டாக்டரம்மா சொன்னதை நீ உன் வாயால அவளுக்குச் சொல்லு, நான் சொன்னா புருசன் பேச்சு.

இனிமே நல்லதில்லாததையும் சொல்லிடறேன். வெளிய ராசப்பனுக்கு சர்க்கஸைவிடக் கஷ்டம். கேக்காம அவனைத் தூக்கறதுதான் அவனுக்கு ஆகாது. ரிங்குக்குள்ள என் தோளைத் தொட்டுச் சொன்னாத்தான் நானே தூக்குவேன். ராசிபுரம் பஸ்ஸ்டாண்டுல ஒரு கண்டக்டர், நல்ல மனசுலதான், கக்கத்துல கையைக் கொடுத்துப் படிக்கட்டு மேல தூக்கி வச்சிட்டாரு. ராசப்பன் சண்டை பிடிக்கலை. எங்க எடுத்தீங்களோ அங்கயே எறக்கி விடுங்கன்னான். எறக்கி விட்டப்புறம் கம்பியைப் பிடிச்சுத் தானா ஏறினான், பஸ்ஸு அதுவரைக்கும் நின்னுச்சு. இன்னொண்ணு. சேந்தமங்கலத்துப் பக்கம் அவனுக்குப் பொண்ணு கேட்டுப் போனோம். வாசல்லயே சிரிச்சு அனுப்பிட்டாங்க. அங்க அவன் கடிகாரத்தை எடுக்கலை கண்ணு. எல்லா எடத்துலயும் அவனுக்கு அந்த வித்தை வேலை செஞ்சுதுன்னு நான் சொன்னா அது பொய். கல்யாணம் ஆகலை. நாப்பதுக்கு மேல முதுகு வலி வந்து காலு மரத்துப் போகும், குழந்தையில சீக்கிரம் உக்கார வச்சதால கூனு விழுந்துருச்சும்பான். அதனால உன் புள்ளையை, அக்கம்பக்கத்துல எது சொன்னாலும், டாக்டரு சொல்ற வரைக்கும் உக்கார வைக்காத. தலை கனமா இருக்கும், கழுத்தைத் தாங்கியே எடு. வளந்தப்புறம் எட்டாத எடத்துல ஸ்டூல் போட்டு வை, ஆனா நீயே எடுத்து எடுத்துக் கொடுக்காத. தூக்கறதுக்கு முன்னாடி கேளு. பேச்சு வராட்டியும் கேளு, கேட்டுப் பழகினாத்தான் அதுக்கும் வேண்டாம்னு சொல்ல வரும். விழறதுக்கு நான் கத்துக் கொடுக்கறேன், அது என் பொறுப்பு.

ஆனா இதெல்லாம் பக்கத்துல நின்னவன் சொல்றது. உன் கேள்விக்கு அனுபவிச்சவங்கதான் பதில் சொல்லணும்னு தோணுச்சு. யாரைக் கேக்கறது. குப்புசாமி அண்ணன் போயி வெகுகாலமாச்சு, அண்ணாமலை அந்தரத்துல இருந்து விழுந்து சாகாம வயசாகிப் படுக்கையில செத்தான், முருகானந்தம் எங்கயோ வடக்க இருந்து சாவுச் செய்தி மட்டும் வந்துச்சு. ராசப்பன் கொரோனாவுக்கு அடுத்த வருசம் போனான், நான் போயி மண்ணு போட்டுட்டு வந்தேன். அன்னிக்கி அங்க ஓரமா உக்காந்திருந்த அவனோட ஆத்தா ஞாபகம் போன செவ்வாக்கிழமைதான் எனக்கு வந்துச்சு. நீ தாயாகப் போறவ, உனக்குப் பபூன் பதில் எதுக்கு, அவனைப் பெத்தவங்க பதில்தானே வேணும். உங்கம்மாகிட்ட உரம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு மலையிறங்கி முள்ளுக்குறிச்சிக்குப் போனேன்.

உசுரோட இருப்பாங்களோ மாட்டாங்களோன்னு பயந்துக்கிட்டே போனேன். மரவள்ளிக் கெழங்குக்குத் தோலுரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கண்ணு மங்கல், குரலை வச்சே, நெட்டைக் காத்தானா, குனிஞ்சு வா நிலைப்படி இடிக்கும்னாங்க. விசயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழ வச்சிட்டு, என் மவன் கூட அத்தனை வருசம் சுத்தினவன், இப்பத்தான் என்கிட்டக் கேக்க வந்தியான்னாங்க. அவன் பொறந்தப்ப மருத்துவச்சி தூக்கிப் பாத்துட்டு, இது நிக்காது, பால் கொடுத்து வீணாக்காதன்னாளாம். அவ பேச்சைக் கேட்டுத் திரும்பிப் படுத்தேன், பசிச்சு அழுதான், எனக்கு மாரு கசிஞ்சுது, எடுத்தேன், அதுக்கப்புறம் எனக்கு அழுவறதுக்கு நேரமில்லைன்னாங்க. சிரிச்சாங்களான்னு கேட்டேன். சிரிச்சாங்க, கல்லும் விட்டாங்க, கல்லு விட்டவன் ஊட்டுக்கு நான் வெளக்குமாத்தோட போயிருக்கேன்னாங்க. அப்புறம் அவங்களே சிரிச்சுக்கிட்டு, நானே சிரிச்சிருக்கேன் காத்தா, கோழியைத் தொரத்திக்கிட்டு ஓடுவான், கோழி நின்னு திரும்பிப் பாத்து இவனைத் தொரத்தும், பெத்தவ சிரிக்கக் கூடாதுன்னு சட்டமா என்னன்னாங்க. உன் மவ அழுவறான்னா அழட்டும், ஆனா எங்கிட்ட அழச் சொல்லு, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீ எதுக்கு நடுவுல, உனக்குக் குட்டிக்கரணம் போடத்தான் தெரியும்னு என்னை அனுப்பி வச்சாங்க. கிளம்பும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு, என் மவனைப் பத்தி யாராச்சும் வந்து கேட்டு வருசமாச்சுன்னு சொன்னாங்க.

உங்கம்மா உனக்கு மிளகும் கொள்ளும் கட்டி வச்சிருக்கா, யாராச்சும் வந்தா கொடுத்து அனுப்பறோம். படியில இறங்கும்போது கம்பியைப் பிடிச்சுக்க. மாப்பிள்ளையும் ஆம்பளைன்னு அடக்கிக்கிட்டு இருப்பாரு, அவரையும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லு. நீயும் உன் புள்ளையும் நோய் நொடி அண்டாம, நினைச்சது நினைச்ச எடத்துல கிடைச்சு, எட்டாதது ஒண்ணும் இல்லாம வாழணும் சாமி.

இப்படிக்கு, உன் அய்யன் காத்தான், கைநாட்டு.

அந்த ஆத்தா நம்பரைக் கலைச்செல்வி இதுக்கு அடியில எழுதறா. அது ராசப்பனோட போனு, கூப்பிட ஆளில்லாட்டியும் ஆத்தா தினம் பக்கத்து ஊட்டுல சார்ஜ் போட்டு வாங்கி மடியிலயே வச்சிருக்காங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் கூப்பிடு. உனக்குப் பாட்டி முறை, அம்மாயின்னு சொல்லு. அவனைத் தூக்கி வளத்தவங்கள்ல, கூட ஆடினவங்கள்ல, என்னைக் கழிச்சுட்டா இன்னும் உசுரோட இருக்கறது அவங்க ஒருத்தங்கதான். அவங்க பேரு முனியாயி.